பாலக்கோட்டில் மாடி அறைக்கு ஒரு டன் ஏசி போதுமா, ஒன்றரை டன் வேண்டுமா?

ஒரு சகோதரி கேட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம் சொந்த வீடு. கீழே ஹால், சமையலறை. மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே படுக்கையறை, அதற்கு மேலே மொட்டை மாடி. மேற்குச் சுவரில் நாலுக்கு நாலு அடி ஜன்னல். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேரும் அங்கேதான் படுக்கிறார்கள். ஏசி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் ஒன்றரை டன் என்கிறார். ஓசூரில் இருக்கும் தம்பி முக்கால் டன்னே தாராளம் என்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணனோ, "எங்கள் சின்ன வீட்டுக்கே ஃபர்னஸ் (குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் யந்திரம்) 60,000 பி.டி.யு (சூட்டை அளக்கும் அலகு). ஒரு டன் ஏசி என்றால் வெறும் 12,000தானே, அது எப்படிப் போதும்?" என்று கேட்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

மூன்று பேருமே தங்கள் தங்கள் இடத்திலிருந்து சரியாகத்தான் சொல்கிறார்கள், சகோதரி. ஆனால் யாரும் உங்கள் கூரையைப் பற்றிக் கேட்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று இந்த வேலையிலேயே இருக்கிறேன். நான் போய்ப் பார்த்த வீடுகளில் ஏசி சரியாகக் குளிரவில்லை என்ற புகாரில் பெரும்பாலும் குற்றம் ஏசியில் இருக்காது, தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட்டில் இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறை இன்று இருக்கிறபடியே விட்டால் ஒரு டன் கொஞ்சம் திணறும். கூரையையும் ஜன்னலையும் சரிசெய்துவிட்டால் அதே ஒரு டன் தாராளம். ஒன்றரை டன் வாங்குவதற்கு ஆகும் கூடுதல் பணத்தைக் கூரைக்குச் செலவு செய்யுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். டன் என்பது ஏசியின் எடை இல்லை. பழைய காலத்தில் ஐஸ் கட்டியை வைத்துத்தான் குளிரூட்டினார்கள். 907 கிலோ ஐஸ், அதாவது அமெரிக்கக் கணக்கில் ஒரு டன், ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ அந்த வேகம்தான் ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யு என்பதும் 3,517 வாட் என்பதும் அதே அளவுதான். ஆக, ஒரு டன் ஏசி என்றால் அறையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை ஆயிரம் வாட் சூட்டை அள்ளி வெளியே கொட்டும் யந்திரம். அறைக்குள் எவ்வளவு வாட் சூடு வருகிறது என்று தெரிந்துவிட்டால் எத்தனை டன் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கடைகளில் நூறு சதுர அடிக்கு ஒரு டன், நூற்றைம்பதைத் தாண்டினால் ஒன்றரை என்று வாய்ப்பாடு மாதிரி சொல்வார்கள். தரையின் அளவுக்கும் சூட்டுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. தரை வழியாக நமக்கு வெயில் வருவதில்லையே. வருவது மேலேயிருந்தும் மேற்கிலிருந்தும்தான்.

உங்கள் கூரையை எடுத்துக்கொள்வோம். 120 சதுர அடி, அதாவது 11 சதுர மீட்டர். சாதாரண ஐந்து அங்குலத் தளம். சித்திரை மாதத்து மத்தியானம் மொட்டை மாடியில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், ஒரு நொடிக்கு மேல் வைக்க முடியாது. வெளியே நிழலில் 39, 40 டிகிரி இருக்கும்போது வெயில் படும் கான்கிரீட்டின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூடு தளத்தில் மெல்ல இறங்கிச் சாயங்காலம் அறைக்குள் வருகிறது. உச்ச நேரத்தில் இது மட்டுமே ஏறக்குறைய 1,100 வாட். ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாக விட்டத்தில் மாட்டி, ராத்திரி வரை அணைக்காமல் விட்ட மாதிரி.

ஒன்பது அங்குலச் செங்கல் மேற்குச் சுவர் 330 வாட் வரை தரும். ஆறு அங்குல சிமெண்ட் கல் என்றால் இன்னும் கூடும். மீதி மூன்று சுவர்களும் சேர்ந்து ஒரு 400. மேற்கு ஜன்னலில் நேர் வெயில் விழும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை, உள்ளே திரைச்சீலை தொங்கினாலும் 600 வாட் வரும். ஒரு மனித உடம்பு சும்மா இருக்கும்போதே நூறு வாட் சூடு தரும். நாலு பேருக்கு 400. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக நுழையும் வெளிக்காற்றுக்கு 250. மின்விசிறி, விளக்கு, டிவி எல்லாம் சேர்த்து 150. கூட்டினால் 3,230 வாட்.

இது கொஞ்சம் மேலாகப் போட்ட கணக்குதான். ஜன்னல் வெயில் நாலு மணிக்கு உச்சம், கூரையும் சுவரும் அதற்குப் பிறகு உச்சம், பிள்ளைகள் படுக்க வருவது ஒன்பது மணிக்கு. எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேராது. ஆனாலும் இந்தப் பக்கம் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஏசியின் டன்னைச் சோதித்துச் சொல்வது வெளியே 35 டிகிரி இருக்கும் நிலையில். கத்திரி வெயிலில் வெளிப்பெட்டியைச் சுற்றி 41, 42 என்று இருக்கும்போது அதே யந்திரம் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கமாகக் குறைத்துத்தான் தரும். 3,500 வாட் ஏசி அன்றைக்கு 3,200 வாட் ஏசி. உங்களுக்கு வேண்டியதும் அதே 3,200. அதனால்தான் திணறும் என்றேன். கடைக்காரர் ஒன்றரை சொன்னதில் நியாயம் இருப்பதும் இதனால்தான். வெயில் காலத்தில் "குளிரவே இல்லை" என்று நீங்கள் திரும்பி வந்து நிற்கக்கூடாது என்று அவர் நினைக்கிறார்.

ஆனால் கூரைக்கு வெள்ளை அடித்துவிட்டால் அந்த 1,100 பாதியாகக் குறையும். ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டியோ கோரைப் பாயோ தொங்கவிட்டால் 600 என்பது 200 ஆகும். மொத்தம் 2,300 வாட் பக்கம் வந்துவிடும். முக்கால் டன்னுக்கும் குறைவு. ஒரு டன் ஏசி இதை மூச்சு வாங்காமல் செய்யும், 41 டிகிரி வெயிலிலும்.

அரூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. மேலும் கீழும் ஒரே அளவு அறை, ஒரே கம்பெனி ஏசி. கீழே ஒரு டன், மேலே ஒன்றரை டன். கீழ் வீட்டில் பதினைந்து நிமிடத்தில் போர்வை தேடுவார்கள். மேல் வீட்டில் ராத்திரி பதினொரு மணி வரை புலம்பல். கேஸ் குறைந்துவிட்டது என்று இரண்டு தடவை கேஸ் நிரப்பியும் ஆகிவிட்டது. என்னைக் கூப்பிட்டபோது நான் ஏசியைத் திறக்கவே இல்லை. ஸ்டூல் போட்டு ஏறி விட்டத்தில் கை வைத்தேன். ராத்திரி எட்டரைக்குத் தோசைக்கல் ஆறிய பிறகு இருக்கும் சூடு. மறுநாள் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அதற்கடுத்த வாரம் அந்த ஒன்றரை டன் ஒழுங்காக வேலை செய்தது. முதலிலேயே அடித்திருந்தால் அங்கேயும் ஒரு டன் போதும் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம். மூன்று மாதமாகக் கரண்ட் பில்லும் கட்டி, தூக்கமும் இல்லாமல் கிடந்தார்கள்.

நீங்களும் ஏசி வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டூல் மேல் ஏறி விட்டத்தில் உள்ளங்கையை வையுங்கள். பிறகு கீழ் ஹாலின் விட்டத்திலும் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கைக்கே தெரியும்.

கூரைக்கு என்ன செய்வது? மலிவானது சுண்ணாம்பு. மாடியை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, நீர்த்த சுண்ணாம்பில் கொஞ்சம் வெள்ளை சிமெண்ட்டும் ஃபெவிகாலும் கலந்து இரண்டு கை அடிக்க வேண்டும். மழையில் கரையும், தூசி படிந்து பழுப்பாகும். அதனால் வருடா வருடம் மாசி கடைசியிலோ பங்குனியிலோ அடித்துவிட வேண்டும். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட் விற்கிறார்கள், அது இரண்டு மூன்று வருடம் தாங்கும். இன்னும் கொஞ்சம் செலவு செய்ய முடியுமென்றால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டு மேலே வெள்ளை ஓடு பதிக்கலாம். நம் பெரியவர்கள் தார்சு வீடு கட்டியபோது தட்டோடு பதிக்காமல் விடமாட்டார்கள். ஒழுகாமல் இருக்கவும் அதுதான், சூடு இறங்காமல் இருக்கவும் அதுதான். இப்போது செலவைக் குறைக்கிறோம் என்று வெறும் கான்கிரீட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் செலவு பிற்பாடு கரண்ட் பில்லாக வருகிறது.

நம் மாவட்டங்களில் இன்னொரு வசதி உண்டு. நாற்றங்காலுக்கும் பூந்தோட்டத்துக்கும் கட்டும் பச்சை நிழல் வலை இங்கே எளிதாகக் கிடைக்கும். ஓசூர், கிருஷ்ணகிரி, பாலக்கோடு எங்கு கேட்டாலும் இருக்கும். 75 சதவீத நிழல் தரும் வலையை வாங்கி, மாடியில் ஆறேழு அடி உயரத்தில் கம்பி நட்டு இழுத்துக் கட்டுங்கள். காற்றுக்குக் கிழியாமல் ஓரத்தில் கயிறு ஓட்டித் தைத்துக்கொள்ள வேண்டும். கீழே காற்று போக வர இடம் இருப்பதால் கான்கிரீட் அவ்வளவாகச் சூடேறாது. துணி காயப்போடவும் மிளகாய் உலர்த்தவும் வெயில் வேண்டுமென்றால், படுக்கையறைக்கு நேர் மேலே மட்டும் கட்டினால் போதும்.

ஜன்னலில் ஒரே ஒரு விஷயம்: மறைப்பு வெளியே இருக்க வேண்டும். கண்ணாடிக்கு உள்ளே திரை போட்டால் வெயில் ஏற்கனவே அறைக்குள் வந்தாகிவிட்டது.

சரி, செலவைப் பார்க்காமல் ஒன்றரை டன்னையே மாட்டினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். சித்திரையில் ஒன்றும் தெரியாது. புரட்டாசி, ஐப்பசியில் தெரியும். அப்போது நம் பக்கம் மழை, வெளியே 28, 29 டிகிரிதான், ஆனால் புழுக்கம். ஏசி இரண்டு வேலை செய்கிறது. ஒன்று காற்றைக் குளிர வைப்பது, இன்னொன்று காற்றின் ஈரத்தைப் பிழிந்து குழாய் வழியாக வெளியே விடுவது. தேவைக்கு மேல் பெரிய ஏசி ஐந்தே நிமிடத்தில் குளிரவைத்து நின்றுவிடும். ஈரத்தைப் பிழிய நேரமே கிடைக்காது. அறை சில்லென்று இருக்கும், போர்வை பிசுபிசுக்கும், பிள்ளைகளுக்கு மூக்கடைக்கும். மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். இப்படி அடிக்கடி நின்று ஓடினால் கம்ப்ரசரின் ஆயுளும் குறையும். இன்வெர்ட்டர் ஏசி வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும் என்பது உண்மைதான். அதற்கும் இதற்கு மேல் குறைக்க முடியாது என்று ஒரு எல்லை உண்டு, மாடலுக்கு மாடல் அது மாறும். பெரிய யந்திரத்தின் அடிமட்ட ஓட்டமே உங்கள் அறையின் மழைக்காலத் தேவைக்கு மேலே இருந்துவிட்டால் இன்வெர்ட்டர் என்று வாங்கியும் பயனில்லை.

கிராமத்து லைனில் இன்னொரு சிக்கல். ஒரு டன் முழு வேகத்தில் ஓடும்போது ஆயிரம் வாட் பக்கம் கரண்ட் இழுக்கும். ஒன்றரை டன் 1,500க்கு மேல். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தூரமாக இருக்கும் வீடுகளில், தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குவது உங்களுக்கே தெரியும். வாங்குவதற்கு முன் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து சாயங்காலம் ஏழு மணிக்கு மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள். ஏசி பெட்டியில் எழுதியிருக்கும் வோல்டேஜ் அளவுக்குக் கீழே இறங்கினால் ஸ்டெபிலைசர் கட்டாயம் வேண்டும். மெயினிலிருந்து தனி லைன் இழுங்கள், 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், அதற்கென்று தனி எம்.சி.பி (லோடு மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த். மாடி அறையில் ஏற்கனவே இருக்கும் பிளக்கில் சொருகி ஓட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். சுவருக்குள் வயர் உருகிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தம்பி சொன்னதற்கு வருகிறேன். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். பாலக்கோடு, தர்மபுரி எல்லாம் அதில் ஏறக்குறைய பாதி. ஓசூரில் உச்சிக் கோடையிலும் உங்கள் பக்கத்தைவிட வெயில் குறைவு, ராத்திரியில் தானாகக் குளிர்ந்துவிடும். கீழ்த்தள அறை என்றால் முக்கால் டன் அங்கே சரிதான். ஒரே தர்மபுரி மாவட்டமாக இருந்ததை 2004ல் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று இரண்டாகப் பிரித்தார்கள், வெயில் அதற்கு முன்பிருந்தே இரண்டாகத்தான் இருக்கிறது. தேன்கனிக்கோட்டை, தளி ஒரு மாதிரி. ஊத்தங்கரை, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வேறு மாதிரி. ஓசூர்க்காரர் யோசனையை அரூரிலோ, அரூர்க்காரர் யோசனையை ஓசூரிலோ அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது.

அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. 60,000 பி.டி.யு என்றால் நம் கணக்கில் ஐந்து டன். ஆனால் அது முழு வீட்டுக்கும், உங்களுடையது ஒரு அறைக்கு. அதைவிட முக்கியம் வெப்ப வித்தியாசம். அங்கே வெளியே மைனஸ் 20, உள்ளே 21 வேண்டும். 41 டிகிரி இடைவெளி. நமக்கு வெளியே 40, உள்ளே 25, இடைவெளி 15தான். சுவர் வழியாகச் சூடு போவதும் வருவதும் அந்த இடைவெளியைப் பொறுத்தது. அதனால் அங்கே சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் பஞ்சு மாதிரி தடுப்பு அடைத்துவிட்டுத்தான் ஃபர்னஸைப் பற்றிப் பேசவே ஆரம்பிக்கிறார்கள். பக்கத்து அமெரிக்காவில் மேனுவல் ஜே என்று ஒரு கணக்குமுறை வைத்திருக்கிறார்கள். சுவர், ஜன்னல், கூரை, காற்றுக் கசிவு என்று ஒவ்வொன்றாகக் கூட்டி அளவைச் சொல்வார்கள். நான் மேலே போட்டதும் அதே வழியில்தான், எளிமையாக. அங்கேயும் பெரிய ஃபர்னஸ் வாங்கியவர்களுக்கு இதே தொந்தரவுதான்: சட்டென்று சூடாகி நின்றுவிடும், ஒரு அறை வேகும், இன்னொரு அறை விறைக்கும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் தம்பிக்கும் உதவும். மார்கழியில் ஓசூரில் விடியற்காலை 13 டிகிரி. அதே மாதிரி அறையை 22 டிகிரியில் வைக்க 800 வாட் போதும், படுத்திருப்பவர்கள் உடம்புச் சூட்டைக் கழித்தால் இன்னும் குறைவு. குழந்தைக்காக 2,000 வாட் ஹீட்டர் வாங்கப் போகிறேன் என்றால் 1,000 வாட் எண்ணெய் ஹீட்டர் போதும் என்று சொல்லுங்கள். கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் வாயு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

கடைக்குப் போகும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் டன்னைப் பார்க்காதீர்கள். நட்சத்திர லேபிளில் குளிரூட்டும் திறன் வாட்டில் இருக்கும். ஒரு டன் என்ற பெயரில் 3,300 வாட்டும் விற்கிறது, 3,500ம் விற்கிறது. உங்களுக்கு 3,500 பக்கம் இருப்பதை எடுங்கள். அதே லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்றும் இருக்கும், அது 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. நாலு மாதம் ராத்திரி மட்டும் ஓட்டுகிற வீட்டுக்கு அதில் பாதியே வரும். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால், இப்போது உங்கள் பில் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 350 யூனிட் ஏற்கனவே வருகிறதென்றால் ஐந்து நட்சத்திரம் வாங்குவதில் அர்த்தம் உண்டு. நூற்றைம்பதுதான் வருகிறதென்றால் மூன்று நட்சத்திரமே போதும், மிச்சப் பணத்தில் நிழல் வலை கட்டிவிடலாம்.

26 டிகிரியில் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. 18ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தவறு. அதே வேகத்தில்தான் குளிரும், நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

சிமெண்ட் ஷீட், தகர ஷீட் போட்ட அறையில் இருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. ஷீட்டுக்குக் கீழே சீலிங் அடிக்காமல் ஏசி மாட்டாதீர்கள், இரண்டு டன் போட்டாலும் குளிர் நிற்காது. பங்குனி, சித்திரையில் நம் பக்கத்துக் காற்று வறண்டிருப்பதால் ஏர்கூலர் நன்றாகவே வேலை செய்யும், ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்ட வேண்டும். போர் தண்ணீரில் உப்பு அதிகம், புல் திரையில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து கழுவினால் ஒரு சீசன் ஓடும்.

கடைசியாக, வெளிப்பெட்டியை எங்கே வைப்பது. மாட்ட வருகிறவர்கள் வேலை சுலபம் என்று மொட்டை மாடியில் வெயிலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் மேற்குச் சுவரிலும் வேண்டாம். வடக்குச் சுவரில் சன்ஷேடுக்குக் கீழே, பின்பக்கம் ஒரு அடி இடம் விட்டு, முன்னால் எதுவும் மறைக்காமல் தாங்கி அடித்து வைக்கச் சொல்லுங்கள். தாமிரக் குழாய் மூன்று நாலு மீட்டருக்குள் முடிந்தால் நல்லது. வடக்குச் சுவரில் இடம் இல்லையென்றால் கிழக்கு. மாடிதான் என்று ஆகிவிட்டால், அந்த நிழல் வலையைப் பெட்டிக்கு மேலேயும் சேர்த்து இழுத்துக் கட்டிவிடுங்கள், பக்கவாட்டில் மட்டும் மூடவேண்டாம்.